பைலட் படிப்பா, டாக்டர் படிப்பா, எது கஷ்டம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. மூத்தவள் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தாள். இளையவன் பைலட் லைசென்ஸ் வாங்கினான். நான் ஓய்வு பெறும்வரை வங்கியில் கல்விக்கடன் மேசையில் உட்கார்ந்திருந்தவன். அதனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பது இதைத்தான்: "ஏன் சார், ரெண்டுல எது கஷ்டம்?" சாம்பார் வருவதற்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எது கஷ்டம்?

டாக்டர் படிப்புக்கு வாசல் குறுகல். உள்ளே போய்விட்டால், முட்டி மோதியாவது பெரும்பாலானோர் கரையேறிவிடுகிறார்கள். பைலட் படிப்புக்கு வாசல் அகலம். பணமும் உடம்பும் சரியாக இருந்தால் உள்ளே விட்டுவிடுவார்கள். வெளியே போகிற கதவுதான் அங்கே குறுகல். என் மகள் நீட் எழுத இரண்டு வருடம் தலையைக் கொடுத்தாள். மகன் லைசென்ஸை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, வேலைக்காக இரண்டு வருடம் காத்திருந்தான். வீட்டில் அழுகைச் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. கேட்ட காலம்தான் வேறு.

உள்ளே நுழைவதற்கு என்ன வேண்டும்?

நீட் தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு, 180 கேள்வி, தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். எழுதுகிறவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க இருக்கிற எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். அதிலும் கட்டணம் குறைவான அரசுக் கல்லூரி இடம் ஏறக்குறைய பாதிதான். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்கிறவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. இன்னமும் பல தலைமையாசிரியர்கள் இதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

பைலட்டுக்கு அப்படிப் பொதுவான நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் அமேதி பக்கம் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது, அதற்குத் தேர்வும் நேர்காணலும் உண்டு. மற்ற பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் போதும். மாணவர் லைசென்ஸுக்கு 16 வயது, வணிக விமானி லைசென்ஸுக்கு 18.

என் மகள் பியூர் சயின்ஸ் குரூப். கணக்கு எடுக்கவில்லை. பைலட் ஆக வழி இருக்கிறதா?

இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணிதத்தை மட்டும் தனிப் பாடமாக எழுதித் தேறலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கணக்கு வராதே என்று பயப்பட வேண்டாம். விமானத்தில் போடுகிற கணக்கு பெரும்பாலும் வாய்க்கணக்குதான், வேகமாகப் போட வேண்டும் என்பதே சிரமம். மகன் சொல்லிக்கொடுத்த ஒன்று: 60 நாட்டிகல் மைல் பறந்தபின் பாதையை விட்டு ஒரு மைல் தள்ளி இருந்தால், திசை ஒரு டிகிரி பிசகியிருக்கிறது. 30 மைலில் இரண்டு மைல் தள்ளி வந்திருந்தால்? நான்கு டிகிரி. இதை ஒரு கையில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு, காதில் ரேடியோ பேசிக்கொண்டிருக்கும்போது போட வேண்டும்.

படிக்க வேண்டிய பாடம் எதில் அதிகம்?

இதில் சந்தேகமே இல்லை, டாக்டர் படிப்பில்தான். பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது.

நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். முதல் வருடத்தில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். 206 எலும்பு என்று நமக்கும் தெரியும். அவள் ஒவ்வொரு எலும்பையும் கையில் எடுத்து எந்தப் பக்கத்து எலும்பு, எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது, எந்த நரம்பு எந்தப் பள்ளத்தில் ஓடுகிறது என்று ஒப்பிக்க வேண்டும். சீனியரிடம் வாங்கிவந்த எலும்புப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அதை இறக்கும் நாளெல்லாம் என் அம்மா விளக்கேற்றிவிட்டுத்தான் தூங்குவார். இரண்டாம் கட்டத்தில் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அதற்கப்புறம் கண், காது மூக்கு தொண்டை, தடயவியல், சமூக மருத்துவம். கடைசியில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம். ஒவ்வொன்றுக்கும் தலையணை கனத்துக்குப் புத்தகம்.

பைலட்டுக்கு வழிசெலுத்தல், வானிலை, விமான விதிகள், பொதுத் தொழில்நுட்பம், ஓட்டப்போகிற விமானத்தின் தொழில்நுட்பம். இவற்றோடு ரேடியோ பேசுவதற்குத் தனித் தேர்வு. எழுத்துத் தேர்வில் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி, எம்.பி.பி.எஸ்.ஸில் 50. ஒழுங்காக உட்கார்ந்தால் ஆறேழு மாதத்தில் இந்தத் தாள்களை முடித்துவிடலாம். மகன் ஐந்து தாளையும் முடித்தபோது மகள் மருந்தியலில் பாதிகூடத் தாண்டவில்லை. "இவ்வளவுதானாடா உன் சிலபஸ்?" என்று அவனுடைய வானிலைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து அவள் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்படியானால் பைலட் படிப்பு சுலபம்தானே?

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

மூன்றாம் வருட மருத்துவ மாணவி ஒரு நோயாளியைத் தவறாகக் கணித்துவிட்டால் பக்கத்தில் முதுகலை மாணவர் இருக்கிறார், அவருக்கு மேல் உதவிப் பேராசிரியர், அவருக்கும் மேல் யூனிட் சீஃப். தவறு நோயாளியைத் தொடுவதற்குள் மூன்று பேர் தடுத்துவிடுவார்கள். பைலட் மாணவனுக்குப் பத்துப் பதினைந்து மணி நேரப் பறத்தலுக்குப் பிறகு ஒரு நாள் வரும். ஓடுதளத்தின் ஓரத்தில் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "ஒரு சர்க்யூட் அடிச்சிட்டு வா." தனியாக ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

மகன் சொல்வான்: கேட்டதும் பயம் வரவில்லையாம். பக்கத்து சீட் காலியானதில் எடை குறைந்து, செஸ்னா என்ற அந்தச் சின்னப் பயிற்சி விமானம் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தரையை விட்டு எழும்பியதும்தான் வயிற்றில் ஏதோ புரண்டதாம். இனி இதை யார் இறக்குவது? தப்பாக எழுதிய விடையை அடிக்கலாம், ஏறிய விமானத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். இறங்கி வந்ததும் நண்பர்கள் வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். அது வழக்கம். அந்த ஈரச் சட்டையோடு எடுத்த போட்டோதான் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

மகளுக்கு அதற்கு ஈடான நாள் வேறு மாதிரி வந்தது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, அவள் இரவு முழுக்க ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி விடிகாலையில் இறந்துபோனார். வெளியே வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த அந்தப் பாட்டியின் மகனை எழுப்பி அதைச் சொல்லும்படி சீனியர் இவளிடம் சொல்லிவிட்டார். அதை எப்படிச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் அவள் அதுவரை எழுதிப் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து காபி கூடக் குடிக்காமல் குளித்துவிட்டுப் படுத்தாள். அந்த நாளைப் பற்றி இரண்டு வருடம் கழித்துத்தான் எங்களிடம் பேசினாள்.

வெறும் 200 மணி நேரம்தானே? எட்டரை நாள் கூட இல்லையே!

வங்கியில் என் மேலதிகாரி இதையே சொல்லி ஒரு கடன் விண்ணப்பத்தை ஓரங்கட்டப் பார்த்தார்.

200 மணி என்பது பறந்த நேரம் மட்டும். அதில் 100 மணி, பொறுப்பு விமானியாகத் தானே ஓட்டியது. ஊர்விட்டு ஊர் பறந்தது, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது, இரவில் ஓட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. நீண்ட பயணம் ஒன்று 300 நாட்டிகல் மைலுக்குக் குறையக் கூடாது. இரவில் ஐந்து மணி நேரம், பத்து முறை ஏறி இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் பறக்க, முன்னும் பின்னுமாக அரை நாள் போய்விடும். வடகிழக்குப் பருவமழை வந்தால் மேகம் விலகுமா என்று விமானம் நிறுத்தும் ஹேங்கரில் உட்கார்ந்து கேரம் ஆட வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய தொல்லை விமானம் கிடைப்பது. மகன் சேர்ந்த பள்ளியின் விளம்பரத் தாளில் ஆறு விமானம் இருந்தது. போய்ப் பார்த்தால் பறக்கிற நிலையில் இரண்டு. ஒன்றுக்கு இன்ஜின் வரவேண்டும், ஒன்றுக்குச் சக்கரம் வரவேண்டும், மீதி இரண்டைப் பற்றிக் கேட்டால் சிரித்தார்கள். ஒன்றரை வருடத்தில் முடியும் என்றது மூன்று வருடத்தை நெருங்கியது. ஆகவே சேர்வதற்கு முன்னால் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். போய் இரண்டு நாள் வாசலில் நின்று, எத்தனை விமானம் ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025-லிருந்து பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போடுகிறது. அந்த அக்டோபரில் வந்த முதல் பட்டியலில் ஏ பிளஸ், ஏ என்ற மேல் இரண்டு தரத்திலும் ஒரு பள்ளிகூட இல்லை. என் அனுபவம் தனி அனுபவம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

செலவு? கடன் கிடைக்குமா?

அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள். மகளுக்கு ஐந்தரை வருடத்தில் நான் கட்டிய மொத்தத் தொகையைவிட, மகனுக்கு ஒரு மாதம் கட்டியது அதிகம். ஆனால் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். என்றால் ஆண்டுக்கே 20 லட்சத்தைத் தாண்டும். அந்தக் கணக்கில் பைலட் படிப்பு மலிவு. டாக்டர் படிப்பு செலவா இல்லையா என்பது நீட் மதிப்பெண்ணைப் பொறுத்தது, பைலட் படிப்பு யாருக்குமே செலவுதான்.

உள்நாட்டில் வணிக விமானி லைசென்ஸ் வாங்க 50 லட்சம் ஒதுக்கி வையுங்கள், கூடவும் ஆகலாம். அதோடு முடியாது. ஏ320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டத் தகுதி பெறுவதை டைப் ரேட்டிங் என்பார்கள். அதற்கு இன்னொரு 15, 20 லட்சம். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். லைசென்ஸ் கையில் வந்ததும் வேலை என்று நினைத்து முதல் 50 லட்சத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்திருப்பார்கள்.

கல்விக்கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி ஈடு கேட்கும். நடைமுறையில் வீட்டுப் பத்திரம். என் மேசைக்கு வந்த ஒரு டெய்லர், சொந்தமாக இருந்த ஒரே வீட்டின் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர் ஒருவர் படிப்பை முடித்ததும் சம்பளம் ஓரளவு உறுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். பைலட் விண்ணப்பத்தில் பேனா நின்று போகும். அந்த டெய்லரிடம், டைப் ரேட்டிங் செலவையும் வேலை கிடைக்கும்வரை இரண்டு வருட வட்டியையும் சேர்த்துக் கூட்டிக் காட்டினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். நல்லது செய்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் மகனுக்கு மட்டும் என் வீட்டுப் பத்திரத்தை வைத்தேனே.

ஃபெயில் ஆனால்?

எம்.பி.பி.எஸ். முதல் வருடத்தைத் தேற நான்கு வாய்ப்பு. மொத்தப் படிப்பையும் ஒன்பது வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பைலட் தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதலாம். பறக்கும் தேர்வில் தவறினால் மறுபடி பயிற்சி, மறுபடி எரிபொருள், மறுபடி காசு. மருத்துவ மாணவனின் அரியரை அவன் தலை சுமக்கிறது, பைலட் மாணவனுடையதை அப்பா சுமக்கிறார்.

கண்ணாடி போட்டவர்கள் பைலட் ஆகலாமா?

ஆகலாம். கண்ணாடி போட்டுச் சரியாகத் தெரிந்தால் பெரும்பாலும் தடையில்லை. நிறக்குருடுதான் சிக்கல். பலருக்குத் தனக்கு அது இருப்பதே தெரியாது. எங்கள் தெருவில் ஒரு பையனுக்குப் பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை. முதலில் இரண்டாம் வகுப்பு உடல் தகுதிச் சான்று, பிறகு முதல் வகுப்பு. இரண்டையும் முடித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். இதை மட்டும் என் பேரைச் சொல்லியாவது செய்யுங்கள்.

உடம்பு விஷயம் சேர்வதோடும் முடிவதில்லை. விமானி ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். 35 வயதில் ஒரு வலிப்பு வந்தால் வேலை போகும். அதே வலிப்பு வந்த டாக்டர் மருந்து சாப்பிட்டுக்கொண்டு ஓ.பி. பார்க்கலாம்.

தூக்கம் யாருக்கு அதிகம்?

சட்டப்படி பார்த்தால் விமானிக்கு. ஆண்டுக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. 2025-ல் வந்த புதிய விதி வார ஓய்வை 36-லிருந்து 48 மணி நேரமாக்கியது. அந்த டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, பெட்டியும் பையுமாக ஜனங்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்ததற்குப் பின்னால் இந்த விதியும், அதற்கேற்ப ஆள் வைக்காததும் இருந்தன.

முதுகலை மருத்துவ மாணவருக்கு 1992-லேயே மத்திய அரசு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்திருக்கிறது. எந்த வார்டில் அது நடக்கிறது? என் மகள் 36 மணி நேரம் தொடர்ந்து நின்றுவிட்டு, ஆட்டோவில் தூங்கி, வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். தூங்காத விமானியை ஏற்றினால் விமான நிறுவனத்தின் மேல் நடவடிக்கை. தூங்காத டாக்டர் ஊசி போட்டால் அதற்குப் பெயர் சேவை. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

தவறு நேர்ந்தால் இரண்டு துறையும் எப்படி நடந்துகொள்கின்றன?

விமானத் துறை தன் தவறுகளை எழுதி வைத்துப் பாடமாக்கிக்கொண்டது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம், மாடல் 299, சோதனைப் பறத்தலில் விழுந்தது. கட்டுப்பாட்டுப் பரப்புகளைப் பூட்டி வைத்திருந்த பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் அனுபவசாலி. ஞாபகத்தை நம்பக் கூடாது என்று முடிவு செய்து, செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். விமானி செக்லிஸ்ட் பிறந்தது அப்படித்தான்.

1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவு. பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றான, நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானத்தின் இன்ஜினியர் "மற்ற விமானம் ஓடுதளத்தை விட்டுப் போய்விட்டதா?" என்று கேட்டார். அனுமதி கிடைக்காமலே கிளம்பியிருந்த தலைமை விமானி, போய்விட்டது என்று அடித்துச் சொல்லிவிட்டார். பெரியவர் சொன்னபிறகு யாரும் பேசவில்லை. அதற்குப் பின்தான், கேப்டன் தவறினால் இளையவர் வாய்திறந்து சொல்ல வேண்டும், கேப்டன் அதைக் காதில் வாங்க வேண்டும் என்பது பயிற்சியாகவே ஆனது.

மகன் இதைச் சொன்னபோது மகள் கேட்டாள்: "எங்க சீஃப்கிட்ட போய் ‘சார், நீங்க தப்பா சொல்றீங்க’ன்னு நான் சொல்லணுமா?" வீடே சிரித்தது. ஆனால் மருத்துவமும் கற்றுக்கொள்ளாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டுவந்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஒரு தாள்தான்.

படிப்பு எப்போது முடியும்?

டாக்டருக்கு எம்.பி.பி.எஸ். போதாது என்று ஆகிவிட்டது. முதுகலைக்கு மறுபடி நீட், மூன்று வருடம். அதற்கு மேல் சிறப்பு மருத்துவம் என்றால் இன்னும் மூன்று. முப்பது வயதில் சம்பளக்காரர். ஆனால் வாங்கிய பட்டம் வாங்கியதுதான். எம்.டி. முடித்தவரை யாரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு "இதயத் துடிப்பு நின்ற நோயாளியை இப்போது என் முன்னால் காப்பாற்று" என்று கேட்பதில்லை.

விமானியைக் கேட்கிறார்கள். 20 வருடம் ஓட்டியவரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார வைத்து, ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது ஒரு இன்ஜினை அணைத்துவிட்டு என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள். வேலை கிடைக்காத நாட்களிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் சொந்தக் காசில் புதுப்பிக்க வேண்டும். மகன் அந்த இரண்டு வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அதில் ஒரு பகுதியைக் கட்டினான்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு எது ஒத்துவரும்?

முதல் வருடம் இரண்டிலுமே ஆங்கிலம் மிரட்டும். மருத்துவத்தில் மூன்றாம் வருடத்திலிருந்து நிலைமை மாறும்; "நெஞ்சு கரிக்குது", "கை மரத்துப் போச்சு", "அடிவயிறு சுருக்குன்னுது" என்று நோயாளி சொல்வதைத் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்தான் சரியாகப் பிடிப்பார். வானத்தில் அந்தச் சலுகை இல்லை. சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை ஆங்கிலம் கட்டாயம். ஆனால் ரேடியோவில் பேசுவது இலக்கிய ஆங்கிலம் இல்லை, அளந்து வைத்த சில நூறு வாக்கியங்கள். இரண்டு மாதம் சத்தம் போட்டுப் பேசிப் பழகினால் வந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு?

மருத்துவத்தில் இந்தக் கேள்வியே இப்போது இல்லை. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி வந்தது 1912-ல். விமானிகளில் உலக அளவில் பெண்கள் ஐந்து சதவீதம் என்றால் இந்தியாவில் 15 என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. தைரியமாக அனுப்புங்கள்.

என் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அரசு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள். சில பயிற்சிப் பள்ளிகளில் பணம் கட்டினால் அரை மணி நேரம் பயிற்றுநரோடு பறக்கவிடுவார்கள். அதையும் வெயில் ஏறிய மதியத்தில் செய்யுங்கள், அப்போதுதான் விமானம் நன்றாகத் தூக்கிப் போடும். வாந்தி எடுத்தால் உடனே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் மகன் முதல் மூன்று நாளும் எடுத்தான். மகள் பிணவறையில் முதல் நாளே மயங்கி விழுந்தாள்.